கீறிய தகடு

செல்லக்கண்ணு கண்ணாடியில் விழுவது நின்றுபோனபோது அவனுக்குப் பாதித் தலைதான் வெட்டியிருந்தது. முடிதிருத்தும் ரகுபதி இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கம் வந்து சீப்பை நனைத்த நேரத்தில், சுவரை அடைத்து நின்ற கண்ணாடியில் அவனுடைய முகத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. வலப் புருவத்தில் தொடங்கி, மூக்கைத் தாண்டி, உதட்டின் ஓரத்தை வெட்டி, கழுத்து வழியாகத் துணிக்குள் போனது. கோடு நின்றதும் முகம் சிறிது சிறிதாக வெளுத்தது. கடைசியில் கண்ணாடியில் நாற்காலியும், கழுத்தில் கட்டிய நீலத் துணியும், துணிக்கு மேலே பின்சுவரின் நாட்காட்டியும் மட்டும் இருந்தன. ரகுபதி குனிந்து நாற்காலியைப் பார்த்தார். ஆள் இருந்தான். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். இல்லை.

"தம்பி, கொஞ்சம் ஆடாம உக்காருப்பா."

"நான் ஆடவே இல்லண்ணே."

"அப்ப கண்ணாடிக்குத்தான் என்னமோ ஆச்சு."

மீதிப் பாதியை அவர் விரலால் தடவி அளந்து வெட்டினார். இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. கூலி எட்டு வெள்ளி. அதில் அவர் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. அது மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தையில் வெண்டைக்காய் கிலோ ஆறு வெள்ளிக்குப் போன வாரம்.

அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், சாமுண்டீஸ்வரி ஒரு செப்புத் தகட்டின் குறுக்கே எஃகு ஊசியால் கோடு இழுத்து முடித்திருந்தாள். அவள் ஓவியர். தகட்டில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, பள்ளங்களில் மை ஏற்றி, ஈரத் தாளை மேலே வைத்துக் கனத்த உருளையின் கீழ் தள்ளி அச்செடுப்பது அவள் தொழில். ஒரு தகட்டில் பன்னிரண்டு பிரதிகள் என்று சொன்னால் பன்னிரண்டோடு நிறுத்த வேண்டும். நிறுத்தியதற்குச் சாட்சியாகத் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். அதன்பிறகு யார் அதில் அச்செடுத்தாலும் கோடும் சேர்ந்து விழும். விழுந்தால் விலை போகாது. உலகம் முழுக்க அச்சு ஓவியர்கள் வைத்திருக்கும் வழக்கம் இது. வாங்குபவர்களுக்கு அந்தக் கோடு ஒரு வாக்கு. கோட்டை எவ்வளவு ஆழமாகக் கீறுவது என்று வழக்கம் எதுவும் சொல்வதில்லை. தகட்டில் பட்டால் போதும்.

சாமுண்டீஸ்வரியின் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வண்ணம் பூசுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனபின், அம்மாவும் போனபின், பிடோக்கில் நான்கறை வீடு அவளுக்கு மட்டுமாக மிஞ்சியது. பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தாள். ஒரு விடுமுறைக்குப்பின் திரும்பிப் போகவில்லை. மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஆறு பேர் சேர்ந்து ஏற்றிய அச்சு இயந்திரத்தை ஜன்னலோரம் வைத்தாள். அவளுடைய படங்களில் அடுக்குமாடி வீடுகள் வேர்விட்டுக் கடலுக்கடியில் நின்றன. எம்ஆர்டி ரயில் ஒரு பெண்ணின் பின்னலாக முடிந்தது. மைனாக்கள் அலகுக்குப் பதில் பூட்டு வைத்திருந்தன. மனித முகம் மட்டும் ஒன்றிலும் இருக்காது. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஜன்னலோ, குடையோ, தண்ணீர்த் தொட்டியோ இருக்கும். விமர்சகர்கள் அதற்குப் பல காரணங்கள் எழுதினார்கள். உண்மைக் காரணம் கீழ்த்தளத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த முகமது யூசுப்புக்குத் தெரியும்.

ரேஸ் கோர்ஸ் சாலையோரத்து மழைமரம் ஒன்றை அவள் வரைந்து, பிரதிகள் தீர்ந்து தகட்டைக் கீறிய நாளில், அந்த மரத்தின் நிழல் இல்லாமல் போயிருந்தது. உச்சி வெயில் இலைகளுக்கூடாகத் தரையில் அப்படியே விழுந்தது. கீழே வண்டி நிறுத்தும் லாரிக்காரர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு மாறிக்கொண்டார்கள். மறு வருடம் யூசுப் கடையின் சுவர்க் கடிகாரத்தை, உள்ளே ஒரு மீன் நீந்துவதாக வரைந்தாள். அதன் தகட்டைக் கீறியபின் கடிகாரம் எந்தப் புகைப்படத்திலும் விழவில்லை. சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களில் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. யூசுப் கோபப்படவில்லை. "மணி சரியா காட்டுது, அது போதும் லா. போட்டோல விழுந்து அது என்ன சம்பாதிக்கப் போவுது?" என்றார். அதற்குப்பிறகுதான் சாமுண்டீஸ்வரி உயிருள்ள முகம் எதையும் தகட்டில் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

செல்லக்கண்ணு கப்பல் பட்டறையில் பற்றவைப்பவன். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வருவான், ஆனால் கூட்டத்தில் நிற்கமாட்டான். யூசுப் கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கிக்கொண்டு சாமுண்டீஸ்வரியின் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவான். பல வாரங்கள் அவள் அவனைத் தாண்டி ஏறி இறங்கினாள். ஒருநாள் நின்று, "மேல வந்து உக்காருங்க. அங்க காத்தாடி இருக்கு" என்றாள். "சரிக்கா" என்று வந்தான். ஜன்னலோரத்து முக்காலியில் உட்கார்ந்து மாலை வரை ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசாமல் ஒருவரோடு ஒரே அறையில் இருக்க முடியும் என்பது அவளுக்கு அந்த வயதில்தான் தெரிந்தது. அவளுக்கு நாற்பத்தைந்து, அவனுக்கு முப்பத்திரண்டு. முதல் சொல்லிலேயே அக்கா என்றுவிட்டான். அதை அவள் மறுக்கவில்லை; மறுத்தால் அந்த இடத்தில் வேறு எந்தச் சொல்லை வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அவனைத் தம்பி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிறுகள் இப்படியே போயின. இடையில் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது.

அவனை வரைந்தது அவள் தனக்குத்தானே வைத்த விதியை மீறிய செயல். சட்டையில்லாமல் முக்காலியில் இருக்கிறான். மார்பு, கடைவீட்டு மாடியின் பலகை ஜன்னல்போல இரண்டாகத் திறந்திருக்கிறது. உள்ளே கடல், பின்வாங்கிய கடல். சேற்றில் ஒரு கப்பலின் வயிறு, அதன் அருகே கை அளவு ஒரு மனிதன் தீப்பொறிகளுக்கு நடுவே குந்தியிருக்கிறான். மேலே செல்லக்கண்ணுவின் முகம், அவன் முகமேதான், ஒரு மயிர் கூட மாறாமல். முதல் சோதனைப் பிரதியைத் தகட்டிலிருந்து உரித்தபோது அவனுடைய இடக் கன்னத்து மச்சம் தாளில் வலக் கன்னத்தில் இருந்தது. அச்சில் இடம் வலமாகத்தான் விழும். அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். மச்சம் அவனுக்கும் வலக் கன்னத்துக்குப் போயிருந்தது. சொன்னபோது அவன் தடவிப் பார்த்தான். "முன்னாடியே இங்கதானே இருந்துச்சு?" என்றான். அந்தத் தகட்டை மட்டும் கீறுவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

பன்னிரண்டு பிரதிகளும் டோபி காட் பக்கம் காட்சிக்கூடம் நடத்திய வித்யா மூலமாக ஒரே வாரத்தில் விலைபோய்விட்டன. சாமுண்டீஸ்வரியின் படங்களில் முகம் உள்ள முதல் படம் என்பதால் பேச்சாக இருந்தது. பிறகு வித்யா கேட்கத் தொடங்கினாள். "அக்கா, கோடு போட்ட தகட்டோட போட்டோ இல்லாம நான் ஒருத்தருக்கும் டெலிவரி பண்ண முடியாது லா. அவங்க என்னைய கேக்குறாங்க. ஒரு கோடுதானே, அரை நிமிஷம் ஆகுமா?" அடுத்த வாரம் என்றாள் சாமுண்டீஸ்வரி. அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றாள். தகட்டைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். இரண்டு மாதம் அப்படி ஓட்டினாள். வித்யா கடிந்து பேசத் தெரியாத நல்ல பெண். இன்னும் இரண்டு மாதம்கூடப் பொறுத்திருப்பாள்.

மார்ச் மாதத்து அந்த ஞாயிறு காலையில் செல்லக்கண்ணு ஒரு பெட்டி ஜிலேபியோடு மாடியேறி வந்தான்.

"பொண்ணு பாத்துட்டாங்கக்கா. அத்தை ஊருல. பேரு கவிப்ரியா. நர்ஸிங் படிச்சிருக்கு." அன்று அவன் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். கைபேசியில் படத்தைக் காட்டினான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். "இன்னைக்கு சாயந்தரம் வீடியோ கால்ல பேசணும். தலை வெட்டிக்கிட்டு வந்துடுறேன். அதுக்கு முன்னாடி..." என்று சொல்லிக்கொண்டே குனிந்து அவள் காலைத் தொட்டான். "எனக்கு இங்க பெரியவங்கன்னு நீங்கதான் இருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நல்லா இருங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி.

அவன் படியிறங்கிப் போய் ஒரு மணி நேரம் கழித்து அவள் தகட்டை எடுத்துத் துணியைப் பிரித்தாள். ஊசியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் பாரத்தை அதன்மேல் வைத்து இழுத்தாள். ஒரே இழுப்பு. செம்பு இரண்டு பக்கமும் சுருண்டு எழுந்தது. அப்படியே படமெடுத்து வித்யாவுக்கு அனுப்பினாள். "தேங்க்ஸ்க்கா!!" என்று உடனே பதில் வந்தது. ஊசி இறங்கிய நேரத்தில்தான் ரகுபதி சீப்பை நனைத்துக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் விடுதியில் சக தொழிலாளிகள் கட்டிலை ஒதுக்கி, பின்னால் வெள்ளை விரிப்பைக் கட்டி, செல்லக்கண்ணுவை இஸ்திரி போட்ட சட்டையில் உட்காரவைத்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண் வீட்டில் திரையில் ஒரு சட்டை மட்டும் நேராக உட்கார்ந்து வணக்கம் சொன்னது. பெண்ணின் அப்பா நெட்வொர்க் சரியில்லை என்று மூன்று முறை துண்டித்துத் திரும்பக் கூப்பிட்டார். சட்டையே வந்தது. "என்னய்யா விளையாடுறீங்களா? ஆளு எங்க?" என்று அவர் கத்தினார். ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று இங்கிருந்து எட்டுப் பேர் சத்தியம் செய்தார்கள். அப்போது கைபேசியைக் கவிப்ரியா வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சட்டை நல்லா இருக்கு. ஆளுக்கு என்ன ஆச்சு?"

"தெரியலங்க. காலையிலேர்ந்து இப்படித்தான் இருக்கு."

"வலிக்குதா?"

"இல்லங்க."

"அப்ப சரி. பேசுங்க, கேக்குறேன்" என்றாள். அப்பா நிச்சயத்தைத் தள்ளிவைத்தார். அவள் தள்ளிவைக்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்தபின் ஒரு சட்டையோடு பேசிக்கொண்டிருந்தாள். வாரம் போகப் போக, பொத்தான் இடம் மாறிப் போட்டிருந்தால் சொல்லித் திருத்தும் அளவுக்கு அந்தச் சட்டைகள் அவளுக்குப் பழகின.

பட்டறையில் பெரிய மாற்றமில்லை. அவனுக்கு நிழலும் விழவில்லை; அப்படி ஒரு ஆள் வெயிலில் வேலை செய்வதால் யாருக்கும் இடைஞ்சல் கிடையாது. விடுதிக் கதவில் முகம் பார்த்துத் திறக்கும் கருவி அவனுக்குத் திறக்க மறுத்தது. காவலாளி எழுந்து வந்து சாவியால் திறந்துவிட்டார். சிக்கல் ஜூன் மாதத்தில் காத்திருந்தது. வேலை அனுமதி அந்த மாதக் கடைசியில் முடிகிறது; அதைப் புதுப்பிக்கப் புகைப்படமும் விரல் ரேகையும் வேண்டும். கடவுச்சீட்டும் காலாவதியாகப் போகிறது, அதற்கும் அவைதான். முன்கூட்டியே போய்ப் பார்த்தான்; புகைப்படக் கருவியில் காலர் மட்டும் விழுந்தது. ரேகைக் கருவியில் கட்டைவிரலை எப்படி அழுத்தினாலும் கண்ணாடி சுத்தமாகவே இருந்தது. அலுவலக முகப்பில் இருந்த இளம்பெண் பவித்ரா பொறுமையாகப் பலமுறை முயன்றாள். "அண்ணே, நீங்க இருக்கீங்க, நான் பாக்குறேன். மிஷின்தான் பாக்கமாட்டேங்குது. நான் பாத்தேன்னு எழுதிக் குடுத்தா சிஸ்டம் எடுக்காது லா" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னாள். ஆக, ஜூனுக்குப்பின் அவன் இங்கே இருக்கவும் முடியாது, ஊருக்கு விமானம் ஏறவும் முடியாது.

அவன் அடுத்த ஞாயிறு மாடிக்கு வந்து இதையெல்லாம் சொன்னான். யாரையும் குறை சொல்லவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து, "உங்க படத்துலயாச்சும் நான் இருக்கேனாக்கா?" என்று கேட்டான். சோதனைப் பிரதி சுவரில் இருந்தது. எழுந்து அதன்முன் போய் நின்றான். அங்கே அவன் இருந்தான். நகரத்தில் அவன் தன் முகத்தைப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் சீப்பும் சவரக் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தான். படத்தின்முன் நின்று, படத்தில் தாடி வளராது என்பதால் கன்னத்தை விரலால் தடவித் தடவி, மழித்துக்கொண்டான். அவள் கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு இருவரும் பேசாமல் இருந்தார்கள். முன்பு மாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறவன் இப்போது போக இடமில்லாதவனாக விளக்கு வைக்கும் வரை இருந்தான்.

காரணம் தகட்டில் இருக்கிறது என்பது சாமுண்டீஸ்வரிக்கு முதல் நாளே தெரியும். ஏப்ரல் போனது. மே போனது. ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வெந்நீர் வைத்தாள். கோடு இழுத்தது ஒரு கண நேரத்துக் காரியம். அதற்காக அவளால் தன்னை ஒருநாள் மன்னிக்க முடிந்திருக்கும். அந்த ஞாயிறுகளுக்காக முடியவில்லை. அவை அவள் வாழ்க்கையிலேயே நல்ல ஞாயிறுகளாக இருந்தன என்பதுதான் அதற்குக் காரணம்.

ஜூன் முதல் ஞாயிறு அவன் மழித்துக்கொண்டிருந்தபோது கவிப்ரியா கூப்பிட்டாள். அவன் கைபேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தான்.

"எங்க இருக்கீங்க? பின்னாடி என்னமோ இரும்புச் சக்கரமா இருக்கு?"

"அக்காவோட மாடி. படம் போடுவாங்கன்னு சொல்லியிருந்தேன்ல."

"அந்த அக்காவா? குடுங்க, பேசுறேன்." சாமுண்டீஸ்வரி வந்து நின்றாள். "வணக்கம்க்கா. இவர போட்ட படம் ஒண்ணு இருக்காமே? காட்டுங்களேன். அப்பா போட்டோல ஒருதடவ காட்டுனது, எனக்கு முகமே மறந்துபோயிடும்போல இருக்கு."

சாமுண்டீஸ்வரி கைபேசியை எடுத்துச் சுவருக்கு நேரே பிடித்தாள். அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது.

"நெஞ்சுக்குள்ள கடல் இருக்கே" என்றாள் கவிப்ரியா. "இவருக்கு நீச்சல் தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றான் செல்லக்கண்ணு பின்னாலிருந்து, சோப்பு நுரையோடு.

"கிழிஞ்சுது. அப்ப நான்தான் எறங்கணும்" என்று அவள் சிரித்தாள். சாமுண்டீஸ்வரி கைபேசியைச் சுவரிலிருந்து தாழ்த்தியதில் திரை ஆடியது. "நெட்வொர்க் போவுதுபோல" என்று கவிப்ரியா வைத்துவிட்டாள்.

மறுநாள் சாமுண்டீஸ்வரி தகட்டை எடுத்தாள். மெல்லிய கோடாக இருந்தால் அதைச் சுரண்டி, வழவழப்பான எஃகால் தேய்த்து, ஒரு மதியத்துக்குள் இல்லாமல் செய்துவிடலாம். அச்சு ஓவியர்கள் தப்பாக விழுந்த கோடுகளை அப்படித்தான் அழிக்கிறார்கள். இந்தக் கோடு தகட்டின் பாதிக் கனத்துக்கு இறங்கியிருந்தது. அதைச் சுரண்டினால் உதடு போகும், புருவம் போகும், கடலின் பாதி போகும். வேறு ஒரே வழி, கீறிய தகட்டிலேயே இன்னொரு பிரதி எடுப்பது. முதலில் யூசுப் கடைக் கடிகாரத்தின் தகட்டைத் தேடி எடுத்து மை ஏற்றி அச்செடுத்துப் பார்த்தாள். மறுநாள் கடைக்கு வந்த ஒரு ஜப்பானியர் எடுத்த படத்தில் கடிகாரம் விழுந்தது. அதன் கண்ணாடியில் இழைபோல ஒரு கீறலும் இருந்தது. "யாரும் தொடல, தானா விரிசல் விட்டிருக்கு லா" என்றார் யூசுப். பிறகு மாடிப்படியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அந்தப் பையனுக்கும் செய்யப் போறியாம்மா?" என்றார். அவள் தலையசைத்தாள். "ரொம்ப நாள் எடுத்துக்கிட்ட" என்றார் அவர். அவருடைய குரலில் திட்டு எதுவும் இல்லை, அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வித்யாவைத் தானே போய்ப் பார்த்துச் சொன்னாள். வாக்கை மீறப் போகிறேன், பதின்மூன்றாவது ஒன்று எடுக்கப் போகிறேன், வாங்கியவர்களுக்குச் சொல்லிவிடு. வித்யா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு, "அக்கா, இதுக்கப்புறம் உங்கள ஒருத்தரும் தொடமாட்டாங்க. நானும்தான். தெரிஞ்சுதானே பண்றீங்க?" என்று கேட்டாள். தெரிந்துதான் என்றாள் சாமுண்டீஸ்வரி.

அடுத்த ஞாயிறு செல்லக்கண்ணு வந்தபோது தகடு துணியின்றி மேசைமேல் இருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், மரம், கடிகாரம், வழக்கம், கோடு, திரும்ப எடுத்தால் முகம் வரும், கோடும் கூடவே வரும். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டினான். இரும்பிலும் செம்பிலும் பழகிய விரல். கோட்டின் அடியில் கொஞ்ச நேரம் அது நின்றது.

"ரொம்ப ஆழமா போயிருக்கு" என்றான்.

"ஆமா."

"ஜிலேபி கொண்டாந்தேனே, அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

அவன் விரலை எடுத்துக்கொண்டான். ஜன்னல் வழியே கீழே டன்லப் ஸ்திரீட்டின் சத்தம் வந்தது. யாரோ யாரையோ பேருந்துக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கிடையில் இருந்திருந்த எல்லா அமைதிகளிலும் இதுதான் நீளமானது. அவள் அது உடையக் காத்திருந்தாள். கடைசியில் அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு அச்சு இயந்திரத்தின் பக்கம் போனான். "மை வைங்கக்கா. சக்கரத்த நான் சுத்துறேன்" என்றான். அக்கா என்ற சொல்லை அவன் மாற்றவுமில்லை, விடவுமில்லை.

பதின்மூன்றாவது பிரதியைத் தகட்டிலிருந்து உரிக்கும்போதே அவன் உடம்பில் கோடு விழுந்தது. வலப் புருவத்திலிருந்து இட விலா வரை, சுண்ணாம்பால் இழுத்ததுபோல வெள்ளையாக. வலி இல்லை என்றான். அன்று மாலை ரகுபதி கடைக் கண்ணாடியில் அவன் திரும்ப விழுந்தான். "இப்பத்தான் சரியா இருக்கு" என்று ரகுபதி கண்ணாடியைத் துடைத்தார். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரேகைக் கருவி கட்டைவிரலை எடுத்துக்கொண்டது. படம் பிடித்தபோது பவித்ரா, "இது தழும்பாண்ணே? அடையாளம்னு போட்டுடவா?" என்று கேட்டாள். போட்டுடுங்க என்றான். அப்படியே புதுக் கடவுச்சீட்டில் ஏறியது.

அவன் வேலை அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. ஜூன் கடைசியில் ஊருக்குப் போனான். போகும் முன்பு மாடிக்கு வந்தான், முக்காலியில் வழக்கமான நேரம் வரை இருந்தான், நான்கு மணிக்கு எழுந்து, "வரேங்க்கா" என்றான். குனிந்து காலைத் தொடவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது என்று யூசுப்புக்கு யாரோ சொன்னார்கள். பெண்ணின் அப்பா முதலில் கோட்டைப் பார்த்து முகம் சுளித்ததாகவும், சட்டைக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்று பெண் சொல்லிவிட்டதாகவும் பேச்சு.

வித்யா சொன்னபடியே நடந்தது. பன்னிரண்டு பேரில் சிலர் படத்தைத் திருப்பினார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். சாமுண்டீஸ்வரியின் பெயர் எந்தக் கண்காட்சியிலும் அதன்பின் வரவில்லை. மாடி அறையைக் காலி செய்தாள். இயந்திரத்தை இறக்க இந்தமுறை எட்டுப் பேர் வேண்டியிருந்தது. பிடோக் சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி மை தொட்டு அச்சுக் குத்தச் சொல்லித் தருகிறாள். உருளைக்கிழங்கைக் கீற வேண்டியதில்லை, தானாகவே அழுகிவிடும். பதின்மூன்றாவது பிரதி அவள் வீட்டுக் கூடத்தில் கிழக்குச் சுவரில் இருக்கிறது. வருபவர்கள் கோடு ஓவியத்தில் சேர்ந்தது என்றுதான் நினைக்கிறார்கள். மரத்தின் தகட்டையும் திரும்ப எடுத்தாள். இப்போது அந்த மரத்துக்கு நிழல் இருக்கிறது, நடுவில் ஒரு நூல் அளவு வெயிலோடு. லாரிக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. துணி விரித்த பாயில் ஒரு பெண் குழந்தை, சட்டை போடாமல், வெயிலைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. அதன் உடம்பில் குறுக்கே ஒரு கோடு இருந்தது. அப்பாவுக்கு வலமிருந்து இடமாகப் போன கோடு குழந்தைக்கு இடமிருந்து வலமாகப் போயிருந்தது. மிகவும் மெல்லியது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சாமுண்டீஸ்வரி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். மை காயாத அச்சின்மேல் இன்னொரு தாளை வைத்து எடுத்தால் கோடுகள் இப்படித்தான் இடம் வலமாகி, வெளிறி விழும். அவள் கையால் எத்தனையோ முறை எடுத்திருக்கிறாள்.

படத்துக்குக் கீழே குரல் பதிவு ஒன்று இருந்தது. பின்னணியில் தண்ணீர் மொள்ளும் சத்தம், அதோடு செல்லக்கண்ணு எதற்கோ இருமும் சத்தம். பேசியது கவிப்ரியா.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? இவர் ஃபோட்டோ அனுப்புன்னாரு, அவருக்குப் பேச வராதுல்ல, அதான் நான் பேசுறேன். பாப்பா பொறந்தப்பவே இப்படித்தான். டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரு. ஊருல மொதல்ல எல்லாரும் வந்து வந்து பாத்தாங்க, இப்ப ஒருத்தரும் கேக்குறதில்ல. எங்க அம்மாவும் கன்னத்துல மை வைக்கிறத விட்டுட்டாங்க. இந்தக் கோடு ஒண்ணே போதும், இதுக்குமேல எந்தக் கண்ணும் படாது, எதுக்குத் தனியா திருஷ்டிப் பொட்டுன்னு."